டைட்டுக்கு மேல் ஒரு பிடி

கம்பம் பைபாஸில் லேத்துப் பட்டறை. உத்தமபாளையத்தில் மாடி வைத்த வீடு, அந்த மாடிக்கு நானே பற்றவைத்த இரும்புப் படி. குமுளிக்கு மேலே எஸ்டேட்டுகளில் இன்னும் சூடு குறையாமல் ஓடும் ஏலக்காய் டிரையர்கள். சின்னமனூரிலிருந்து கூடலூர் வரை கிணறு கிணறாக இறங்கி உட்கார வைத்த மோட்டார்கள். லோன் கிடையாது என்று என்னைத் திருப்பி அனுப்பிய பேங்க் மேனேஜர், பிறகு தன் வீட்டுக்கு கேட் செய்ய என்னிடம்தான் வந்தார். நல்ல கேட்டாகவே செய்துகொடுத்தேன். திறக்கும்போது மட்டும் கொஞ்சம் சத்தம் போடும். அது என் பங்கு.

இவ்வளவையும் கட்டியவன் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குச் சலாம் போட்டவன். இதை நானே சொல்லவேண்டியிருக்கிறது. ஊர் சொல்லட்டும் என்று காத்திருந்தால் கபர்ஸ்தானில் படுத்துக்கொண்டுதான் கேட்கவேண்டும்.

படிக்கவில்லையே தவிர, இங்கிலீஷ் எனக்கு உண்டு. அது நாக்கில் இல்லை, கையில் இருக்கிறது. வயர் முனையில் லக் என்கிற செம்புத் தொப்பியை வைத்துக் கடித்தால் கிரிம்ப். குழாய் போகப் போகச் சிறுத்தால் டேப்பர். இரண்டு தாடை சேர்ந்து பிடித்தால் கிளாம்ப். பிடித்தது பிறகு வர மறுத்தால் ஜாம். டைட், லூஸ் என்பதெல்லாம் எனக்கு இங்கிலீஷே இல்லை, தாய்ப்பாலோடு வந்த மாதிரி. நான் வாழ்நாள் முழுக்கப் பேசிய இங்கிலீஷில் முக்கால்வாசி எதையாவது நெருக்குகிற, இறுக்குகிற, சிறுக்கவைக்கிற வார்த்தைகள்தான் என்பதை என் மருமகள் சொல்லித்தான் கவனித்தேன். பட்டறை என்றால் வேறென்ன இருக்கும்? கொஞ்சுகிற வார்த்தையா இருக்கும்?

மருமகள் எம்.ஏ. இங்கிலீஷ். எங்கள் வீட்டுக்கு வரும்போது ஒரு கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பிறந்ததும் விட்டுவிட்டாள். பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அவளே தேடி ஒரு வேலை பிடித்தாள். கோயம்புத்தூர்ப் பக்கம் சொட்டுநீர்ச் சாமான் செய்கிற ஒரு கம்பெனி. பெட்டிக்குள் சாமானோடு வரும் இங்கிலீஷ் புத்தகத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்கவேண்டும். முதலில் கொடுத்தது தண்ணீர் ஃபில்ட்டருக்கும் அதோடு மாட்டுகிற சொட்டுக் குழாய், உரக்குழாய், வால்வுக்குமான புத்தகம். ஃபில்ட்டர் உருளையாக, பிளாஸ்டிக்கில், திருகு மூடி போட்டது. கிணற்றுத் தண்ணீரின் தூசியைப் பிடித்துக்கொண்டு சொட்டுக் குழாய் அடைத்துக்கொள்ளாமல் காப்பாற்றும். புத்தகம் அச்சாகி வந்த அன்று அவள் அதைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு, யாரும் பார்க்காத மாதிரி நான்கு தடவை அந்தப் பக்கம் போய் வந்தாள். இது நான் செய்தது என்று கைகாட்ட ஏதாவது ஒன்று கிடைப்பதில் உள்ள ருசி எனக்குத் தெரியும்.

சாமான் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க விற்றது. கொஞ்ச நாளில் தேவாரத்திலிருந்து என் கூட்டாளி வந்தான். சின்ன வயசிலிருந்து பழக்கம், தென்னந்தோப்புக்காரன். கையில் ஒரு சாக்கு. அதை அவிழ்த்து மேசைமேல் கொட்டினான். மூடி இரண்டாகப் பிளந்த ஃபில்ட்டர்.

"என்ன மச்சான், உங்க மருமக எழுதுன புக்கைப் பாத்துத்தான மாட்டுனேன்? எழுத்துக்கு எழுத்து அப்படியே செஞ்சேன். 'இறுக்கவும்'னு போட்டிருந்துச்சு. இறுக்குனேன். ஒடஞ்சிருச்சு."

"நீ இறுக்குனா எதுதான் ஒடயாது? கல்யாண வீட்டுல கைகுடுத்தே மாப்பிள்ளைக்கு மோதிரத்தை வளைச்சவன் நீ."

"எனக்கு மட்டும் ஒடஞ்சா சரி. எங்க ஊருல அத்தனை தோப்புலயும் ஒடஞ்சு கெடக்கு. இங்கன எப்படி?"

இங்கனயும் அப்படித்தான். கெங்குவார்பட்டிப் பக்கமிருந்தும் அதே சேதி. பிறகு கம்பெனிக்காரர் போனில் வந்தார். மருமகள் ஸ்பீக்கரில் போட்டதால் எல்லோரும் கேட்டோம். மற்ற ஜில்லாவில் புகாரே இல்லையாம், எல்லா உடைசலும் எங்கள் பள்ளத்தாக்கிலிருந்துதானாம். "மேடம், பக்கத்துக்குப் பக்கம் இறுக்கவும், இறுக்கவும்னே எழுதியிருக்கீங்க. விவசாயி இறுக்கி இறுக்கி உடைக்கிறாரு. அடுத்த அச்சுக்குள்ள சரி பண்ணிக் குடுங்க. இல்லைன்னா வேற ஆளை வச்சுப் பாத்துக்கிறோம்."

போனை வைத்துவிட்டு மருமகள் சமையலறைக்குள் போய்ப் பாத்திரம் தேய்த்தாள். தேய்த்து வைத்த பாத்திரத்தையே தேய்த்தாள். என் மனைவி வெளியே வந்து என்னிடம் சொன்னாள்: "அந்தப் பிள்ளைக்கு இந்த ஒரு வேலைதான் சொந்தமா இருந்துச்சு. அதுவும் போச்சுன்னா அது வாயே தெறக்காது, பாத்துக்கங்க."

நான் போய் மருமகளைக் கூப்பிட்டேன். "ஏம்மா, அந்த இங்கிலீஷ் புக்கை எடுத்துட்டு வா. இந்த வெவகாரத்துல எனக்குத் தெரியாத இங்கிலீஷ் இல்ல."

"மூணாங்கிளாஸ் வாத்தியார் வந்துட்டாக. எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க" என்றாள் என் மனைவி.

மேசையில் உட்கார்ந்தோம். மருமகள் இங்கிலீஷ் வார்த்தைகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். எல்லாவற்றுக்கும் தமிழில் ஒரே வார்த்தைதான் போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "டிக்‌ஷனரியில அப்படித்தான் மாமா இருக்கு. இறுக்கு, நெருக்கு, சுருக்குன்னு மாத்தி மாத்திப் போட்டா ஜனங்க குழம்பிருவாகன்னு ஒண்ணையே போட்டேன்."

முதலில் கிளாம்ப். பெரிய குழாயைச் சுற்றி இரண்டு பாதியாக வந்து சேர்கிற பட்டைக்கு எழுதியிருந்த வார்த்தை அது. எதிரே இருந்த சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினேன். "நாய் எலும்பைப் பிடிக்கிற மாதிரி. மேல ஒரு தாடை, கீழ ஒரு தாடை. இதுக்குப் பேரு இறுக்கறதா? கவ்வறது."

"கவ்வும்படி மாட்டவும்" என்று எழுதினாள்.

அடுத்தது பிஞ்ச். சொட்டுக் குழாயின் வால் முனையில் தண்ணீர் போகாமல் நிறுத்துகிற இடம். பிஞ்ச் என்றால் கிள்ளு என்று படித்தாளாம். "கிள்ளுனா பிள்ளைதான் அழும், தண்ணி நிக்காது தாயி. குழாயை மடிச்சு நெரிக்கணும். மடிப்பு பிரியாம வளையத்தைப் போடணும்." நெரி என்று எழுதிக்கொண்டாள். ஃபில்ட்டருக்குள் அடுக்கி வைத்த வளையத் தட்டுகளைச் சேர்த்து அழுத்துகிற கம்ப்ரஸுக்கு அமுக்கு. அதையும் தடையில்லாமல் ஏற்றுக்கொண்டாள். அந்த நேரத்தில் எனக்கு ஒரு கல்லூரி வைத்து நடத்தலாம் போல இருந்தது.

ஸ்குவீஸில்தான் சிக்கினேன். குழாயில் போட்ட சின்னத் துளைக்குள் துளையைவிடப் பெரிய ரப்பர் வளையத்தை நுழைக்கவேண்டும். "திணி" என்றேன்.

"திணிச்சா கிழிஞ்சிரும் மாமா. இங்கிலீஷ்ல திணிக்கச் சொல்லலை. ரப்பர் தன்னைத்தானே சின்னதாக்கிட்டு உள்ள போகணும். உள்ள போய் மறுபடி விரியணும்."

"பிழி?"

"பிழிஞ்சா சாறு வரணும்."

யோசித்தேன். பட்டறையில் அந்தச் சின்ன ரப்பருக்கு நாங்கள் வார்த்தையே சொல்வதில்லை. ரெண்டு விரலில் பிடித்து அழுத்தி உள்ளே விடுவோம், அவ்வளவுதான். கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி தலை தூக்காமல் சொன்னாள்: "வளையல் போடுறப்ப கட்டைவிரலை உள்ள மடக்கிக் கையை ஒடுக்கிக் குடுப்போம்ல. வளையல்காரன் சுளுவா ஏத்திருவான். அதுதான இது?"

மருமகள் தன் கையை ஒடுக்கிப் பார்த்தாள். பிறகு எழுதினாள்: "ரப்பரை விரலால் ஒடுக்கி நுழைக்கவும்."

"நாங்களும் மூணாங்கிளாஸ்தான்" என்றாள் மனைவி.

இன்னொன்று கன்ஸ்ட்ரிக்ட். அதை நான் கேட்டதே இல்லை. உரம் கலக்கிற குழாய்க்கு நடுவில் தொண்டை மாதிரி ஓர் இடம் சிறுத்திருக்கும். தண்ணீர் அங்கே வேகமெடுத்து உரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதைச் சொல்லத்தான் இந்தப் பெரிய வார்த்தை. "நாரோன்னு சொல்லேன். மதுரையில டாக்டர் என் நெஞ்சைப் பாத்து அப்படித்தான் சொன்னாக, உள்ள ஒரு குழாய் நாரோ ஆயிருக்குன்னு. எனக்குப் புரிஞ்சுச்சே." தமிழில் என்ன என்று கேட்டாள். இடுக்கு என்றேன். மலைக்கு அந்தப் பக்கம் ஆறு இரண்டு பாறைக்கு நடுவே ஒடுங்கிப் போகிற இடத்தை வைத்து ஒரு ஜில்லாவுக்கே அந்தப் பெயர் இருக்கிறது. மருமகள் யோசித்துவிட்டு, "குறுகும்னே போட்டுக்கிறேன் மாமா, எல்லாருக்கும் புரியும்" என்றாள். ஒரு ஜில்லா அளவுக்கு வார்த்தை கொடுத்தேன். வேண்டாம் என்றுவிட்டாள். படித்தவர்களிடம் இந்த ஒரு கஷ்டம் உண்டு, சில நேரம் அவர்கள் சொல்வது சரியாகவும் இருந்துவிடுகிறது.

கடைசியில் இறுக்கு என்ற வார்த்தை ஒரே இடத்தில் மிஞ்சியது, ஃபில்ட்டர் மூடியில். இங்கிலீஷில் ஹேண்ட் டைட் என்று இருந்தது. "கையால் மட்டும் இறுக்கவும்" என்று எழுதினாள். பட்டறையிலும் கை டைட் என்றுதான் சொல்வோம். முடிந்தது, கம்பெனிக்கு அனுப்பு என்றேன். அவள் அனுப்பவில்லை. "எழுதுனதை ஒரு தடவை மாட்டிப் பாக்காம அனுப்ப மாட்டேன் மாமா. இன்னொரு தடவை ஒடஞ்சா என்னைக் கூப்பிடவே மாட்டாங்க."

மறுநாள் பட்டறை வேனில் புது ஃபில்ட்டரோடு தேவாரம் போனோம். கூட்டாளியின் தோப்பில் வைத்து மருமகள் வரிவரியாக வாசித்தாள், அவன் வரிவரியாகச் செய்தான். கவ்வினான், நெரித்தான், அமுக்கினான். ரப்பருக்கு வந்ததும் "ஒடுக்கியா? வளையல் மாதிரியா? அட, இதை மொதல்லயே சொல்லியிருந்தா என் ரப்பர் பூராம் கிழிஞ்சிருக்காதே" என்றான். மூடியைக் கையால் திருகினான். தண்ணீரைத் திறந்து பார்த்து மூடினோம். ஒரு சொட்டுக் கசியவில்லை. மருமகள் முகத்தைப் பார்த்தேன். பல நாளுக்குப் பிறகு வெளிச்சம் வந்திருந்தது.

அப்போது கூட்டாளி தோப்பு வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தான்: "அய்யா! வாங்க!"

அவனுடைய அப்பா வந்தார். பழுத்த வயசு, ஆனால் தோள் இன்னும் தோளாக இருந்தது. வாய்க்காலில் கை கழுவி, துண்டை இடுப்பில் கட்டினார். மகன் பைப் ரெஞ்சை எடுத்துக் கொடுத்தான். பெரியவர் அதை நெற்றியில் ஒற்றி, கிழக்கே பார்த்து ஏதோ முணுமுணுத்து, மூடியில் ரெஞ்சைப் போட்டு ஒரே பிடி பிடித்தார்.

டிக்.

மூடி பிளந்தது. எல்லோரும் அதையே பார்த்தோம். பெரியவர் ரெஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் காலத்துச் சாமானுல உசுரே இல்லப்பா."

மருமகளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "கையால மட்டும்னு வாசிச்சேனே மாமா! இவரு எதுக்கு இப்ப?"

"கடைசிப் பிடி ஆத்தா" என்றான் கூட்டாளி, எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்கிறவனாக. "எங்க கை டைட் நாங்க வச்சாச்சு. வீட்டுக்குப் பெரிய மனுசன் ஒரு பிடி பிடிக்காம தண்ணிய ஓட விடுவமா?"

எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. மோட்டாரோ குழாயோ, எங்கள் பக்கத்தில் மாட்டுகிறவன் முழுசாக முடிக்கமாட்டான். கடைசிப் பிடியை வீட்டுப் பெரியவருக்கு விட்டுவைப்பான். இந்துக்கள் வீட்டில் எலுமிச்சம்பழம், எங்கள் வீட்டில் பிஸ்மி. பிடி ஒன்றுதான். எத்தனை கிணற்று மேட்டில் என்னைக் கூப்பிட்டு, ஐயா இல்லாத வீடு, நீங்களே பிடிங்க என்று ஸ்பேனரைக் கொடுத்திருக்கிறார்கள்! இரும்புக் காலத்தில் அது மரியாதை மட்டுமில்லை, உபயோகமும்கூட. இரும்புக்கு நடுவே வைத்த ரப்பர் கொஞ்ச நேரத்தில் அமர்ந்துவிடும், மேலே ஒரு பிடி பிடித்தால் நல்லது. பிளாஸ்டிக்கில் அந்தப் பிடி ரப்பரைப் பிதுக்கி வெளியே தள்ளும். கசியும். கசிந்தால் இன்னொரு பிடி. பிறகு டிக். இந்தப் பழக்கம் இல்லாத ஜில்லாவில் மூடி எதற்கு உடையும்?

"நம்ம வீட்டு ஃபில்ட்டர்லயும் இதே சத்தம்தான் கேட்டுச்சு" என்றேன்.

மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மாமா, நீங்களுமா?"

"பின்ன வேற யாரு? வீட்டுக்குப் பெரியவன் நான்தான? கம்பெனிக்காரனைத் திட்டிட்டு வேற மூடி வாங்கி மாட்டுனேன்."

அவள் சிரிக்கவா வேண்டாமா என்று தவித்து, கடைசியில் சிரித்துவிட்டாள். பிறகு பேனாவை எடுத்து, "ஸ்பேனர், ரெஞ்ச் தொடக்கூடாதுன்னு பெரிய எழுத்துல போட்டுர்றேன்" என்றாள்.

கூட்டாளி குரலைத் தணித்தான். "போடுங்க ஆத்தா. ஆனா எங்க அய்யாகிட்டப் போயி, நீங்க கை வைக்காதீகன்னு யாரு சொல்றது? நீங்க சொல்லுவீகளா? உங்க மாமனாருகிட்டச் சொல்லுவீகளா?"

பெரியவர் தென்னையில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கேட்காத முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். அந்த முகம் எனக்குத் தெரியும். நாளைக்கு என் மகன் என் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கினால் நானும் அப்படித்தான் உட்காருவேன். அதனால் நான் சொன்னேன்: "கடைசிப் பிடியை எடுக்காத தாயி. எடுத்தா ஒருத்தனும் கேக்க மாட்டான். அதை வேற எடத்துக்கு மாத்து. பேரை மட்டும் மாத்தாத."

"எங்க மாத்த?"

அது எனக்குத் தெரியவில்லை. அவள் இங்கிலீஷ் புத்தகத்தைப் புரட்டினாள். வால்வு பக்கத்தில் நின்றாள். தண்ணீரைச் சட்டென்று திறந்தால் குழாய் அதிரும், மெதுவாகத் திறக்கவேண்டும் என்று அங்கே எழுதியிருந்ததாம். எழுந்து, வேனில் இருந்த இன்னொரு மூடியை எடுத்துவந்து கையால் திருகிவிட்டு, நேராகப் பெரியவரிடம் போனாள். "தாத்தா, புது மூடி போட்டிருக்கோம். அது எங்க கையோட போதும். கடைசிப் பிடி இந்த வால்வு. நீங்கதான் திறக்கணும். ஆனா மெதுவா."

பெரியவர் எழுந்து வந்தார். நெற்றியில் ஒற்ற ரெஞ்ச் இல்லாததால் ஒரு நிமிஷம் கையை என்ன செய்வது என்று பார்த்தார். பிறகு வால்வின் பிடியையே தொட்டு ஒற்றிக்கொண்டு திருப்பினார். அந்த வயசுக்கு மெதுவாகத் தவிர வேறெப்படித் திருப்ப முடியும்? தோப்பு முழுக்கக் குழாய்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. தென்னை மூட்டில் சொட்டு விழுந்தது. "ம்" என்றார் பெரியவர். "இதுல உசுரு இருக்கு."

திரும்பி வரும்போது மருமகள் வேனிலேயே எழுதினாள். "மூடியைக் கையால் திருகி, கை நின்ற இடத்தில் விடவும். கடைசிப் பிடி வால்வுக்கு. வீட்டுப் பெரியவர் அதை மெதுவாகத் திறந்துவைக்கட்டும்." கம்பெனிக்காரர் படித்துவிட்டுப் போன் செய்தார். "மேடம், இங்கிலீஷ்ல எங்கயும் பெரியவரே வரலையே?"

"இங்க எல்லா வீட்லயும் இருக்காக சார்" என்றாள்.

அவர் அந்த வரியை இன்னொரு தடவை வாய்விட்டு வாசித்தார். பிறகு சரி என்றார்.

புது அச்சு வந்தது. பள்ளத்தாக்கிலிருந்து உடைந்த மூடி வருவது நின்றது. கம்பெனி இப்போது மருந்தடிக்கிற மெஷின் புத்தகத்தையும் அவளிடமே கொடுத்திருக்கிறது. பொட்டிப்புரத்தில் ஒரு கடையில் அவளைப் பார்த்ததும், பெரியவரைப் புஸ்தகத்தில் போட்ட பிள்ளை என்று கடைக்காரர் எழுந்து நின்றாராம். வந்து சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் உயரமாகத்தான் இருந்தது. இருக்கட்டும், சம்பாதித்த உயரம்.

எல்லாம் சரி. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் "தமிழில்" என்று போட்டு அவள் பெயர் இருக்கிறது. நன்றாகத் தேடிவிட்டேன். கண்ணாடி போட்டும் தேடினேன். என் பெயர் இல்லை.

கேட்டதற்கு, "அடுத்த அச்சுல நன்றின்னு போட்டுர்றேன் மாமா" என்கிறாள். நன்றி கல்யாணப் பத்திரிகையில் பந்தல்காரருக்குப் போடுவது. எனக்கு நன்றி வேண்டாம், கணக்கில் என் பங்கு வேண்டும். கவ்வு, நெரி, அமுக்கு மூன்றும் நான் கொடுத்தவை. கடைசிப் பிடியின் பேரை மாற்றாதே என்றவன் நான். வால்வைக் கண்டுபிடித்தது அவள்தான், அதை நான் எங்கேயும் மறுக்கவில்லை. இந்தக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறேன், பாருங்கள். ஒடுக்கு என் மனைவியுடையது. அவள் பெயரையும் போடட்டும், என் பெயருக்குக் கீழே. எழுத்து அதே அளவில் இருந்தாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

கம்பெனிக்காரர் இதைப் படித்தால், அடுத்த அச்சு மிஷினுக்குப் போகும் முன் என் பெயரை "உடன் எழுதியவர்" என்று போட்டுவிட்டு எனக்கு ஒரு பிரதி அனுப்பட்டும். பார்த்துவிட்டுத்தான் விடுவேன்.